நாணல் திட்டில் ஒரு நாரை

“அதோ, நாணல் திட்டுல ஆடாம அசையாம நிக்குதே, அது என்னோட செல்லம். ஒரு வருஷமா பாக்கறேன். அது என்ன பறவைன்னு சொல்லும்மா. இதுதான் கடைசிக் கேள்வி.”

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார். வேலைக்கு நேர்முகத்துக்கு வந்திருந்தவள் ஏரியின் அக்கரையைப் பார்த்ததும் சட்டென்று கண்ணை விலக்கிக்கொண்டாள்.

அதுவரை எல்லாம் மடமடவென்றுதான் போனது. நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் எப்படிப் பிரித்துச் சொல்வாய் என்று கேட்டார். “நீர்க்காகத்துக்கு அலகு நுனி கொக்கியா வளைஞ்சிருக்கும் சார். பாம்புத்தாராவுக்கு ஈட்டி மாதிரி கூரா இருக்கும். நீந்துறப்போ கழுத்து மட்டும்தான் வெளிய தெரியும், பாம்புன்னு அலறிடுவோம்” என்றாள். கரண்டிவாயன் எப்படி இரை தேடும் என்று கேட்டதற்கு, தண்ணீருக்குள் அலகை விட்டு இடமும் வலமுமாகத் துழாவுவதைத் தன் கையாலேயே செய்து காட்டினாள். மனுஷர் சிரித்துவிட்டார்.

ஏரிக் காவலர் வேலை. அதோடு இரண்டு அறை வீடும் உண்டு. அவளுக்கு வேண்டியது அந்த வீடுதான். புருஷன் போன பிறகு ஆறு வருஷமாக மகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணனின் மீன் குளத்தில் மாடாக உழைத்தும் என்ன? “ஒட்டிக்கிட்டவங்களுக்கு இது போதாதா?” என்று அண்ணி தட்டை நங்கென்று வைக்கும் சத்தம் மட்டும் நின்றபாடில்லை. அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

“என்னம்மா திருதிருன்னு முழிக்கிற? இந்தா, பைனாகுலர்ல பாத்துச் சொல்லு.”

“வேண்டாம் சார்.” நீட்டியதை வாங்காமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். “அது… சாம்பல் நாரை சார். சாம்பல் முதுகு, மஞ்சள் அலகு, கண்ணுக்கு மேல கறுப்புக் கோடு, பின்னந்தலையில கறுப்புக் குடுமி. மணிக்கணக்கா அப்படியே நிக்கும். மீன் கிட்ட வந்தா ஒரே குத்து.”

“அட, கண்ணாடி இல்லாமலே சொல்லிட்டியே!” அதிகாரி மேஜையைத் தட்டினார். “இன்னிக்கு நாலு மணிக்கு அதைப் படம் எடுக்க ஆள் வராங்க. படகுல பக்கத்துலயே போகப் போறோம்.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவரோ உத்தரவில் கையெழுத்தே போட்டுவிட்டார். கூடவே வீட்டுச் சாவி, ஒரு விசில், ஒரு போன்.

“போன் எப்பவும் உன் பையிலயே இருக்கணும். நான் இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துட்டே இருப்பேன். பறவைய யாராவது விரட்டினா கூப்பிடுவேன். ஓடிப் போய்ப் பிடிக்கணும், தெரியுதா?”

வாசலில் அண்ணன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான். “என்ன ஆச்சு, கிடைச்சுதா?”

“கிடைச்சுது. ஆனா பொய் சொல்லி வாங்கிட்டேன் அண்ணே. அவரு செல்லம் செல்லம்னு கொஞ்சறது நம்ம பிளாஸ்டிக் நாரைய!”

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு நாரை நிற்கிற இடத்துக்கு இன்னொன்று வராது என்று கடைக்காரன் சொன்னதை நம்பி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளத்துக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் அந்தத் திட்டில் கம்பி வைத்து அதை நட்டவளே இவள்தான்.

“அடிப்பாவி! பிளாஸ்டிக்குன்னு சொல்லித் தொலைக்கறதுதானே?”

“சொன்னா அவர் முகத்துல கரி பூசின மாதிரி ஆயிடாதா? அப்புறம் யார் வேலை குடுப்பாங்க? இப்ப பேச நேரமில்ல. நாலு மணிக்குள்ள அதைப் புடுங்கிடணும். பறந்து போச்சுன்னு நினைச்சுக்கட்டும். வண்டிய எடு!”

திட்டுக்கு வந்து சேரும்போது மணி மூன்றரை. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, நேர்முகத்துக்கென்றே வாங்கிய நீலச் சட்டையோடு சேற்றில் இறங்கினாள். கால் முழங்கால் வரை புதைந்தது. கடவுளே, யாரும் பார்க்கக் கூடாதே! நாணலை ஓசைப்படாமல் விலக்கினாள். நாலடி தூரத்தில் அந்தச் சாம்பல் முதுகு. பாழாய்ப் போன பொம்மை! கையை நீட்டினாள்.

பொம்மை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. “க்ராக்!” என்று கத்திவிட்டு, இறக்கையை விரித்து ஏரிக்கு மேலே போயே போய்விட்டது.

அவள் வாயைப் பிளந்தபடி கீழே பார்த்தாள். சேற்றில் குப்புறக் கிடந்தது பிளாஸ்டிக் நாரை. அதன் முதுகெல்லாம் எச்சம். நாரையை விரட்ட வைத்த பொம்மையின் மேலேயே ஒரு வருஷமாக ஏறி நின்று அண்ணனின் மீனைத் தின்றிருக்கிறது, நிஜ நாரை.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய்யே சொல்லவில்லை அவள்! சிரிப்பும் அழுகையுமாகப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு கரைக்குத் திரும்பியபோது சட்டைப் பையில் போன் அலறியது. எடுத்துக் காதில் வைத்தாள்.

“புதுக் காவலம்மா, எங்க இருக்க? எவளோ நம்ம நாரைய விரட்டிட்டா! முதுகுதான் தெரியுது, அடையாளம் சொல்றேன், கேட்டுக்கோ. முதுகு நீலம். முழங்கால் வரைக்கும் கறுப்பு. நடை தத்தித் தத்தி. வலது கையில என்னத்தையோ தூக்கிட்டுப் போறா. இடது கையில… இரு, இடது கையில ஏதோ காதுல வெச்சு…”