எதிர்வீட்டுச் சாட்சி

அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு பைக் வந்து நின்றது.

கட்டம் போட்ட சட்டை, தோளில் பை, தலைக்கவசத்தைக் கழற்றாத முகம். லாரித் தவணை வசூலுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். என் கணவர் தமிழரசு தட்டோடு எழுந்து கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் சத்தமில்லாமல் தாழ்ப்பாள் போட்டேன்.

லாரிக்கு நாங்கள் கட்டும் தவணை நின்று போயிருந்தது. ஆனாலும் அன்று எங்களுக்குப் பயம் குறைவு. மத்திய அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவர் டிரைவர் வேலைக்குத் தேர்வாகியிருந்தார். போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. அது நல்லபடியாக முடிந்தால், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. காக்கிச் சட்டை வரும் என்று வாசலைப் பெருக்கிக் காத்திருந்தோம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். புது ஆள் வந்து, அப்பா பெயரோடு சேர்த்து யாரையாவது விசாரித்தால், அந்த மனிதர் ஊரிலேயே இல்லையென்று தெருவே கைகழுவிவிடும். எதிர்வீட்டு மாரக்காள் அக்காவின் டிராக்டரைத் தேடித் தவணைக்காரர்கள் வந்தபோது இவர்தான் பொய் சொல்லி அனுப்பினார். இப்போது அக்காவின் முறை.

"தமிழரசுங்களா? அவனெல்லாம் ஒரு மனுசனுங்களா. வேல செஞ்ச மில்லுல டீசல் திருடி மாட்டிக்கிட்டான், வெளிய தள்ளிட்டாங்க. ஊரெல்லாங் கடன். கேரளாப் பக்கம் ஓடிப்போயி ஆறு மாசமாச்சுங்க. பொண்டாட்டியும் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா."

என்னையும் ஊரைவிட்டு அனுப்பியதும் இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

பைக் போனதும் அக்கா வந்து கதவைத் தட்டினார். "எந்திரிச்சுச் சோத்தத் தின்னு சாமி. ஆளு தொலஞ்சான்."

காக்கிச் சட்டை வரவேயில்லை. இவரே ஸ்டேஷனுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

வேலை பார்த்த இடத்தில் திருட்டு, கடன், தலைமறைவு. அறிக்கை மேலே போய்விட்டது.

மில்லில் தனக்கு வேலையே இருந்ததில்லை என்றார் இவர். பக்கத்தில் இருப்பவர்கள் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டார். தவணைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள் என்று சொன்னால், கடனும் ஒளிந்ததும் உண்மையாகிவிடும். அதையும் சொன்னார். அந்த மனிதர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வேலை இல்லை என்று ஆனது.

மறுபடி ரிக் வண்டி ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "அக்காகிட்டச் சொல்லிப்போடாத. தாங்க மாட்டாங்க."

சத்தீஸ்கரில் ஒரு காட்டில் போர் போடும்போது, மேலிருந்த இரும்புக் குழாய் நழுவி அவர்மேல் விழுந்தது.

அக்காதான் என்னைவிட அதிகம் அழுதார். யாரோ பொறாமைக்காரன் போலீசில் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று அவருக்கு நிச்சயம். காரியமெல்லாம் முடிந்ததும் என்னை ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனார். கெடுத்தவர் யாரென்று தெரியாதவர்கள் மிளகாய் அரைத்து அங்குள்ள நீதிக்கல்லில் பூசுவார்கள். கெடுத்தவருக்கு எரியும் என்பது நம்பிக்கை.

அக்கா குழவியைப் பிடித்து, என் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டார்.

"எஞ்சாமி பொழப்புல மண்ணள்ளிப் போட்ட வாயி, எந்த வாயா இருந்தாலும் வெந்து போகோணும் தாயே."

கையை உருவிக்கொள்ள முடியவில்லை. நானும் அரைத்தேன்.

ஒவ்வோர் அமாவாசையன்றும் கேட்கிறார், அந்தப் பாவிக்கு ஏதாவது ஆனதாகக் காதில் விழுந்ததா என்று.

இல்லைங்கக்கா என்கிறேன்.

அக்கா நன்றாகத்தான் இருக்கிறார்.