மேலாளரின் புது ஷூ

லாரி கழுவும் கொட்டகையில் பாதுகாப்பு வார விழா நடக்கிறது. "கவனமே கவசம்" என்று முழங்கி முடித்த மேலாளர், புது ஷூவில் ஒட்டிய சேற்றைக் கழுவ, பிரஷர் பம்பின் நீர்த்துப்பாக்கியை எடுத்துத் தன் காலுக்கே குறிவைக்கிறார். "புது ஷூங்க, பாத்து," என்கிறாள் முன்வரிசையில் இருக்கும் மனைவி. "தண்ணிதானேடி, கடிச்சா வைக்கும்?" விசையை அழுத்துகிறார். நீர் கம்பியாய்ச் சீறுகிறது. சேறு போகிறது, ஷூவின் தோல் கிழிகிறது, உள்ளே பாதம் பிளக்கிறது. வலியில் அவர் விரல்கள் விசையை இன்னும் இறுக்குகின்றன. வெள்ளைத் தரையில் சிவப்பு நுரை பரவுகிறது. "விடுங்க, கையை விடுங்க," என்று ஓடிவந்த மனைவி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். அவருடைய அலறல் பம்பின் இரைச்சலில் அமுங்கிப்போகிறது. இதுவும் செயல்விளக்கம்தான் என்று எண்ணிய பின்வரிசை பலமாகக் கைதட்டுகிறது.