மறதிக்கு மருந்து

“இன்னிக்கு மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை. மணி பத்தே கால். வெளியே தூறிட்டிருக்கு. சரிதானே டாக்டர்?”

“நான் இன்னும் எதுவுமே கேட்கலையே” என்றார் மருத்துவர்.

“எப்படியும் கேட்பீங்க. முந்திக்கிட்டேன்.”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன் அவன்; பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். இடுப்பெலும்பில் அறுவை நடந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மறதிக்காரனை மறுபடி கிரேனில் ஏற்ற மாட்டார்கள் என்பது மட்டும் அவனுக்கு ஒருபோதும் மறக்கவில்லை.

மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு மாசத்துக்கு எழுதின வலி மாத்திரை பாதி மாசத்துல தீர்ந்திருக்கு. போன தடவையும் அப்படித்தான். எங்கே போகுது?”

“அதுதான் எனக்கும் புரியலை. டப்பா இவகிட்டதான் இருக்கு. வலிக்குது, மாத்திரை கொடுன்னு கேட்டா, ‘இப்பத்தானே போட்டீங்க’ங்கறா. எனக்குப் போட்ட ஞாபகமே இல்லை.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

மனைவி எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து அமர்ந்தாள். “நான் அசந்த நேரத்துல எடுத்துப் போட்டுக்கறார் போல. கேட்டா இல்லைங்கறார்.” கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்தாள். “மன்னிச்சுக்கோங்க டாக்டர், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.”

“பாவம், என்னாலதான்” என்றான் கணவன். “இவ பொய் சொல்றவ இல்லை டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடியே, ‘எனக்குக் குறட்டை வரும், யோசிச்சுக்கோங்க’ன்னு சொன்னவ. அப்போ என் மண்டையிலதான் ஏதோ கழண்டிருக்கணும்.”

மருத்துவர் சிரிக்கவில்லை.

“இது புத்தி கெட்டுப்போறதும் இல்லை, ஒழுக்கம் கெட்டுப்போறதும் இல்லை. இந்த மாத்திரைக்கு உடம்பு பழகிடும். அப்புறம் அதுவே கேட்க ஆரம்பிச்சிடும். திட்டினா நிக்காது. திடீர்னு நிறுத்தவும் கூடாது. இங்கே தங்கினா, மாற்று மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாச் சரி பண்ணலாம். ஆனா, சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்.”

“கிரேன்?”

“முதல்ல மாத்திரை. அப்புறம் கிரேன்.”

சேர்க்கைப் படிவத்தை மருத்துவர் அவன் பக்கம் தள்ளவில்லை. இருவருக்கும் நடுவில் வைத்தார்.

கணவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கிய நினைவே இல்லாத மாத்திரைக்கு ஒருவன் அடிமையாவது எப்படி என்பது அவனுக்கு விளங்கவில்லை. திரும்பினான். மனைவியின் கண்ணும் மூக்கும் நனைந்திருந்தன. அவளை இதற்கு மேல் அழவிடக் கூடாது என்பது மட்டும் விளங்கியது.

“சரி, நான் சேர்ந்துக்கறேன். பேனாவைக் கொடு. நீயாவது நிம்மதியாத் தூங்கு.”

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, தானே நிரப்பத் தொடங்கினாள்.

“நான் போட வேண்டிய கையெழுத்தாச்சே?” என்றான் அவன்.

“உங்களுக்கு மறதியே இல்லீங்க” என்றாள் அவள், தலை நிமிராமல். “உங்களைத் தூக்கி உட்காரவெச்சப்போ எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்.”

நோயாளியின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்ட தாளை, மருத்துவரிடம் நீட்டினாள்.