ஒரே சகன்

குனிந்து உட்காரப்போன மாப்பிள்ளையின் தகப்பன் அபூபக்கர் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார். தரைவிரிப்பின் நடுவில், பிரியாணி குவிந்த சகன் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பெண்ணின் தகப்பன் ஹாரூன் மட்டும் தனியாக, முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார்.

நிச்சயம் என்றால் இரண்டு சம்பந்திகளும் அந்த ஒரே தாம்பாளத்தில் கைவைத்து முதல் கவளம் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். மலேசியாவின் குளுவாங்கில் அவர்களைப் போன்ற குடும்பங்களுக்கு எழுத்தும் கையெழுத்தும் அதுதான்.

"வாங்க சம்பந்தி, சோறு ஆறுது," என்றார் ஹாரூன்.

"தப்பா நெனைக்காதீங்க. இப்பத்தான் மச்சான் போன்ல காட்டினாரு. ஜெயில்ல நெறைய பேருக்கு ஈரல் வியாதியாமே, ஹெபடைட்டிஸ். நீங்க போன மாசம் வரைக்கும் அங்கதானே இருந்தீங்க?"

திரைக்குப் பின்னால் மணப்பெண் ருமானாவின் வளையல் சத்தம் நின்றது.

"இருந்தேன். எல்லாரையும் டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. வியாதி வந்தவங்களுக்கும் மாத்திரை கொடுத்து குணமாக்கிட்டாங்க."

"அதெல்லாம் சரி லா. ஆனா அத்தனை வருஷம் அங்கயே கெடந்தவரோட ஒரே தட்டுல எப்படி? நீங்க தனியா ஒரு பிளேட்ல சாப்பிடுங்க. இல்லன்னா நிச்சயத்தை இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அந்த இன்னொரு நாள் வரவே வராது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஹாரூன் திரையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"பிளேட் கொடுங்க," என்றார்.

அண்டா மூடி 'டமார்' என்று தரையில் விழுந்தது. வாசல் பக்கம் பரிமாறத் தயாராக நின்ற சர்புதீன்தான் அதைப் போட்டது. அபூபக்கரின் சாப்பாட்டுக் கடையில் பெரிய சமையல்காரன் அவன். விருந்தைச் சமைக்க அவர்தான் கூட்டி வந்திருந்தார். ஆவிக்குள் அவன் முகம் பாதிதான் தெரிந்தது.

"துவான், நீங்க எந்திரிக்காதீங்க! பிளேட்டும் வேணாம், மண்ணும் வேணாம்!"

"அலமாக்! சம்பளம் கொடுக்கிற நான் வெறும் முதலாளி, சம்பந்தி மட்டும் துவான், பெரிய ஐயாவா?" என்றார் அபூபக்கர். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் சர்புதீனை இன்னும் கொதிக்க வைத்தது.

"சோத்துல ஒட்டுற வியாதியா அது? ரத்தத்துல ரத்தம் கலக்கணும், முதலாளி. ஒரே ஊசி, ஒரே பிளேடு, பச்சை குத்துறது. பெத்த பொண்ணு காதுபட ஒரு மனுசனை இப்படிக் கேவலப்படுத்துறீங்களே, வெக்கமா இல்ல?"

"சர்புதீன், வேணாம்," என்றார் ஹாரூன் மெதுவாக. "உன் பொழப்பைப் பாரு."

"என் பொழப்பு போனா போகட்டும்!"

அபூபக்கரின் முகம் சிவந்துவிட்டது. "ரொம்பப் பேசாதடா. ஊரே உன் கையாலதான் சாப்பிடுது. அந்தக் கைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. அதைக் கொண்டுபோய் அந்த சகன்ல வைப்பியா? நீ வை, நானும் வைக்கிறேன்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் சர்புதீன் சம்மணம் போட்டுவிட்டான். கையைக் கழுவி, பிஸ்மி சொல்லி, ஹாரூன் பக்கத்திலிருந்தே ஒரு கை அள்ளி வாயில் போட்டான். யாரையோ மெல்லுவது போல மென்றான்.

கூடம் முழுக்க அபூபக்கரைப் பார்த்தது. சபையில் கொடுத்த வாக்கு. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓரமாக இரண்டு விரலால் கொஞ்சம் சோற்றை எடுத்தார். ஹாரூனும் எடுத்தார். திரைக்குப் பின்னால் யாரோ குரவையிட, மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நிச்சயம் முடிந்தது.

அபூபக்கர் கவளத்தை ஒருவழியாக விழுங்கினார். அடுத்ததை எடுக்காமல் சமையல்காரனை முறைத்தார்.

"எனக்கு ஏதாவது வரட்டும், உன்னைத்தான் கேப்பேன். ஜெயில்ல இருந்தவன் கைபட்ட சோத்தை என்னைத் திங்க வச்சுட்டியேடா."

சர்புதீன் நல்ல கறித்துண்டாக ஒன்றைப் பிய்த்து, தன் கையாலேயே அவர் பக்கம் தள்ளி வைத்தான்.

"இவர் வெளிய நின்னு கதவைப் பூட்டினவரு, முதலாளி, அந்த வியாதியோட உள்ள கெடந்து குணமாகி வந்தவன் நான்."