இஸ்திரிப் பெட்டியும் இரண்டு சகலைகளும்

"யார் பண்ண வேலைடா இது?"

முதலாளி கோட்டைத் தூக்கிப் பிடித்தார். முதுகுப் பக்கம் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்த தடம் பழுப்பு முக்கோணமாகத் தெரிந்தது. மறுநாள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனின் கோட்டு அது.

சலவைக் கடையின் பின்னறையில் இருந்தது இரண்டே பேர். பெரிய சகலை, சின்ன சகலை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே சர்ச், ஒரே தேய்க்கிற மேஜை. ஆனால் வாயைத் திறந்தால் எலியும் பூனையும்தான்.

பெரியவருக்குக் கட்டளைதான் முக்கியம். "செய்யாதேன்னு கடவுள் சொன்னா செய்யக் கூடாது, அவ்வளவுதான்" என்பார். யாராவது போன் பண்ணி "துணி ரெடியா?" என்று கேட்டால், "இன்னும் நனைக்கவே இல்லைங்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி முதலாளியைத் தலையில் கை வைக்க வைப்பார்.

சின்னவர் வேறு ரகம். "விசுவாசம் இருந்தா போதும் சகலை. நாம பண்றதை எல்லாம் கணக்குப் பார்த்தா ஒருத்தனும் தேற மாட்டான்" என்பார். அதே போனை இவர் எடுத்தால், "இதோ, மடிச்சுக்கிட்டே இருக்கேங்க!" என்பார். துணி மூட்டையிலேயே கிடக்கும்.

போன மாதம் சின்னவர் யாருடைய ஜன்னல் திரையையோ பொசுக்கிவிட்டார். முதலாளி பெரியவரைக் கேட்டார். பெரியவர் கொஞ்சம்கூட யோசிக்காமல், "சகலைதாங்க" என்றார்.

"இன்னொரு தடவை நடக்கட்டும், வேலையை விட்டே தூக்கிடறேன்" என்றார் முதலாளி.

அன்று வீட்டில் மனைவியிடம் பெரியவருக்குச் சரியான டோஸ் விழுந்தது.

"என் தங்கச்சி வாயும் வயிறுமா இருக்கா. அவ புருஷனைக் காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே, இது மனசா கல்லா?"

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"உங்க உண்மையை நீங்களே வச்சுக்கிட்டுத் தூங்குங்க!"

அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்தக் கோட்டு.

நடந்தது இவ்வளவுதான். காலையிலிருந்தே வழக்கமான வாக்குவாதம். "எல்லாம் கிருபைதான் சகலை!" என்று சின்னவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். அவர் தேய்த்துக்கொண்டிருந்த பெட்டி கோட்டின் மேலேயே நின்றுவிட்டது. பெரியவரோ அதற்கு என்ன பதில் சொல்லி மடக்கலாம் என்ற யோசனையில் இருந்தார். புகை கிளம்பிய பிறகுதான் இருவருக்கும் இந்த உலகத்து ஞாபகம் வந்தது.

"கேக்கறேன்ல?" முதலாளி பெரியவர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீதான் உள்ளதைச் சொல்ற ஆளு."

சின்னவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். போச்சு. பிள்ளை பிறக்கிற நேரத்தில் வேலை போச்சு.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தாங்க."

"என்னது, நீயா?"

"பேச்சு சுவாரஸ்யத்துல பெட்டியை எடுக்க மறந்துட்டேங்க."

சின்னவர் கண்ணைத் திறந்தார். அவர் அப்படியே பேசாமல் நின்றிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த முகத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க முதலாளி! நான்தாங்க கருக்கினேன். என்னைக் காப்பாத்தறதுக்காக சகலை பொய் சொல்றாரு."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தேவிட்டார்.

"பொய்யா? இவனா? இவன் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. நீ உண்மை சொல்லி நான் பார்த்ததே இல்லை."

"சத்தியமாங்க..."

"சத்தியம் வேறயா? வாயை மூடிக்கிட்டுப் போய் வேலையைப் பாரு!"

பெரியவரிடம் மட்டும் குரலைத் தணித்தார். "உனக்கு இதுதான் முதல் தடவை. போனாப் போகுது. மாப்பிள்ளைக்கு வேற கோட்டு நான் ஏற்பாடு பண்ணிக்கறேன்."

அவர் போனதும் சின்னவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு பெரியவர் பக்கம் வந்தார்.

"ஏன் சகலை இப்படிப் பண்ணீங்க?"

"அன்னைக்கு உண்மையைச் சொன்னேன். அதுலேருந்து உன் முகத்தைப் பார்க்க முடியலை. ஜெபம் பண்ண முழங்கால் போட்டாலும் உன் முகம்தான் முன்னாடி வந்து நிக்குது."

"இருந்தாலும் பொய் சொல்றது பாவமாச்சே?"

"பாவம்தான். கட்டளையை மீறிட்டேன். அதுல சப்பைக்கட்டு கட்ட ஒண்ணும் இல்லை." பெரியவர் பெட்டியை எடுத்து ஓரமாக நிமிர்த்தி வைத்தார். "அது சரி, நீ ஏன் நடுவுல புகுந்தே? நான்தான் ஏத்துக்கிட்டேனே. உன் கணக்குப்படி விசுவாசிக்கு ஒரு பொய்யா பெரிசு? கம்முன்னு இருக்க வேண்டியதுதானே?"

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். "எப்படி இருக்கறது? மனசு கேக்கலை சகலை."

பெரியவர் பெருமூச்சு விட்டார்.

"சரி விடு. இத்தனை வருஷம் உன்கூட மல்லுக்கட்டினேன். இன்னையிலேருந்து நான் உன் கட்சி. கடவுளா பார்த்து மன்னிச்சாத்தான் உண்டு, எனக்கு வேற போக்கிடம் இல்லை."

சின்னவர் பதறிப்போனார்.

"ஐயையோ! நான் இப்பதானே சகலை உங்க கட்சிக்கு வந்தேன்!"