ஒத்தை ஆம்பளை

இன்னிக்கு வேலையை விட்டுட்டு வந்துதான் மறுவேலை என்று மெக்கானிக் காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டான். கையில் வேறு வேலை இருக்கா என்று மட்டும் அவள் கேட்டாள். இல்லை.

பின்னே எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வான்? மருந்து பேக்கிங் செக்‌ஷனில் அத்தனை பேரும் பெண்கள். மெஷின் பார்க்க இவன் ஒருத்தன்தான் ஆம்பளை. இவன் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். வெளியே போய்விட்டு வந்தால் எல்லார் கண்ணும் கடிகாரத்தைப் பார்க்கும். நேற்று குடிக்கத் தண்ணீர் நீட்டினார்கள். வேண்டாம் என்றான், அவன் கஷ்டம் அவனுக்கு. உடனே ஒருத்தி இன்னொருத்தியிடம் ஏதோ முணுமுணுத்தாள். ரொம்பத்தான்!

கம்பெனிக்குப் போனால் மெஷின் ஒன்றும் ஓடவில்லை. செக்‌ஷனில் ஈ காக்கா இல்லை. எல்லாரும் மேனேஜர் ரூமில் இருக்காங்க, உன்னைத்தான் தேடறாங்க என்றார் வாட்ச்மேன்.

என்ன புகார் சொன்னார்களோ! தானாகப் போவது வேறு, கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது வேறு. முந்திக்கொள்வோம் என்று உள்ளே நுழைந்தான்.

"சார், நானே வேலையை விட்டுடறேன்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ வேறயாப்பா? உன்னாலதான் இவங்க வேலையை நிறுத்திட்டு வந்து உட்கார்ந்திருக்காங்க."

லேபிள் ஒட்டும் அக்காதான் அங்கே எல்லாருக்கும் மூத்தவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"போயிடாதே தம்பி. இந்தக் கட்டடத்துல இருந்ததையும் பொம்பளைங்களுக்குன்னு மாத்தின பிறகு ஆம்பளைங்களுக்குன்னு ஒரு டாய்லெட் இல்ல. நீ கேட் வரைக்கும் ஓடிட்டு வர்றே. அதுக்குப் பயந்து தண்ணிகூடக் குடிக்கறதில்ல. உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம எங்களுக்குள்ளயே பேசிட்டிருந்தோம். அதான் நேரா சார்கிட்டயே வந்துட்டோம். கட்டித் தர்றேன்னு சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்."

வேறு வழியில்லாமல் மேனேஜர் கொத்தனாருக்குப் போன் போட்டார்.

மெக்கானிக்குக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இனி அடித்து விரட்டினாலும் இந்தக் கம்பெனியை விட்டுப் போவதில்லை என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டான். வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டான்.

"ஒருத்தனுக்காகவா அக்கா இவ்வளவு?"

அக்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"நான் சேர்ந்தப்ப இங்க அத்தனை பேரும் ஆம்பளைங்க, நான் ஒருத்திதான் பொம்பளை. எனக்காகக் கேக்க அன்னிக்கு ஒருத்தரும் வரல தம்பி."