நாலாவது மெஷின்

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் தலைவர் சுட்டார். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் சுக்குநூறானது. குண்டு அந்த மெஷினுக்கு மேலே பறந்துபோய், எதிரே இருக்கும் அட்டையில் பட வேண்டும். இவர் கையில் உடையும் நாலாவது மெஷின் இது.

“அண்ணன் வேகத்தை மெஷினே தாங்கலைங்க!” என்று செயலாளர் பல்லைக் காட்டினார்.

“கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா,” என்று தலைவர் நெளிந்தார். “புதுசு ஒண்ணு வாங்கிடுங்க.”

“வழக்கமான கடையிலதானே?”

“வேற எங்க?”

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். இங்கே பயிற்சியாளனும் நான்தான், குப்பை அள்ளுபவனும் நான்தான். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று முனகிக்கொண்டே துடைப்பத்தோடு திரும்பி வந்தேன்.

தலைவர் மட்டும் தனியாக, எனக்கு முதுகைக் காட்டி நின்று சுட்டுக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்தேன். ஐந்து குண்டுகளும் நடுப்புள்ளியில் ஒரே ஓட்டையாக இறங்கியிருந்தன.

துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“மச்சான், நாலாவதையும் உடைச்சாச்சு. கிளப்புக்கு பில்லைப் போடு. என் பங்கை உங்க அக்காகிட்ட குடுத்துடு.”